படம் வரையத் தொடங்கிய கம்பைலர்

புதிய கம்பைலர் வந்த அன்று எங்கள் அணியில் எல்லோருக்கும் சந்தோஷம். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம். கொழும்பிலும் கண்டியிலுமாக அவரவர் வீட்டிலிருந்து பேசுகிறவர்கள். நான் நிவித்திகலைக்கு மேலே றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணித் தலைவர் தன் திரையை எல்லோருக்கும் திறந்துகாட்டி, வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு நிரலை ஓட்டினார். ஒரு பெண் குரல் "வாவ்" என்றது. "அனே, எவ்வளவு அழகாக் காட்டுது!" என்று இன்னொருவர் சிங்களத்தில் சொன்னார். யாரோ சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அது என்ன காட்டியது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கண் தெரியாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் பொழுது சாய்ந்தால் மட்டும் வழி மங்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் படியில் விழுந்து எழும்புவேன். அம்மா கவனமில்லாத பிள்ளை என்று திட்டுவாள். பிறகு பகலிலும் ஓரங்கள் மங்கின. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், விழித்திரை காய்ந்துகொண்டே போகிறது, பரம்பரையில் யாருக்கோ இருந்திருக்கும், மருந்து இல்லை என்றார். சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "சொட்டு மருந்து குடுப்பாங்களாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

முழுவதும் இருட்டான பிறகு, கொழும்புக்குப் பக்கத்தில் பார்வையற்றவர்களுக்கான ஒரு நிலையத்தில் தங்கிப் படித்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அங்கேதான் எனக்குப் பழக்கமானது. தட்டையான, அவசரமான ஒரு ஆண் குரல். மற்றவர்களுக்கு அது தேனீ இரைவதுபோலத்தான் கேட்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நிரல் எழுதக் கற்றேன். கம்பைலர் என்பது நாம் எழுதிய நிரலைப் படித்து, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவி. மாற்ற முடியாதபோது எங்கே என்ன பிழை என்று திருப்பிச் சொல்லும். நான் கற்றுக்கொண்ட மொழியின் கம்பைலர் அதை ஒரே வரியில் சொன்னது: இந்தக் கோப்பு, இந்த வரி, இன்ன பிழை. குரல் அதை ஒரே மூச்சில் வாசித்துவிடும். நான் அந்த வரிக்குப் போய்த் திருத்துவேன். கண் உள்ளவன் எப்படித் திருத்துவானோ அப்படியே, அதே நேரத்தில்.

இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பஸ் ஏறுவதற்கு ஒருவரிடம் கேட்க வேண்டும். கடையில் தாளை நீட்டினால் அது எந்தத் தாள் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டும். சட்டையில் கறை இருக்கிறதா என்பதைக்கூட இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். வேறொருவரின் கண் வேண்டாத ஒரே இடம் அந்த வேலைதான். காலையில் கணினியைத் திறந்ததிலிருந்து மாலையில் மூடும்வரை நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று உலகமே ஒத்துக்கொண்ட காலத்தில் கொழும்பு நிறுவனம் ஒன்று என்னை எடுத்தது. அணித் தலைவர் சிங்களவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே என்னை "மல்லி" என்றார். தம்பி என்று அர்த்தம். நான் அவரை "அய்யே" என்பேன். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான். எனக்கு அவர் எந்தச் சலுகையும் காட்டவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

கூட்டம் முடிந்து புதிய கம்பைலரை இறக்கிக்கொண்டேன். கூடவே வந்த குறிப்பு நீளமானது. வேகம் கூடியிருக்கிறது, ஒரே ஓட்டத்தில் எல்லாப் பிழைகளையும் காட்டும், சின்னப் பிழைகளைத் தானே திருத்தும் கருவி சேர்ந்திருக்கிறது, நிரலின் வரிகளை ஒழுங்காக அடுக்கித் தரும் கருவியும் புதிது, பிழைச் செய்திகள் முழுவதும் புதிதாக வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. குரல் வாசிக்க வாசிக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் நிரலை அதில் போட்டு ஓட்டினேன்.

குரல் வாசித்தது. செங்குத்துக்கோடு. செங்குத்துக்கோடு. வெற்றிடம். சிறுகோடு சிறுகோடு சிறுகோடு. கூரைக்குறி கூரைக்குறி கூரைக்குறி. மறுபடியும் செங்குத்துக்கோடு. நடுவில் எங்கேயோ "இங்கே" என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சொல். பிறகு மறுபடியும் கோடுகள். நிறுத்தி, முதலிலிருந்து கேட்டேன். அதேதான். மழை வேறு பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஹெட்செட்டைக் கையால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோடு, கோடு, கோடு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாலைவரை ஒரு பிழையைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் காலையில் கொண்டுவந்து விடும் கைக்குழந்தைகளை வேலை முடியும்வரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. மாலையில் அவள் உள்ளே வரும்போது பால்மாவும் பேபி பவுடரும் ஈரத்துணியுமாக ஒரு வாசம் கூடவே வரும்.

"சாப்பிடலயா? மூடி வச்சது அப்படியே இருக்கு" என்றாள்.

"இங்க வா புள்ள. இந்தத் திரையில என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

அதுவரை நான் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ, அழகா இருக்குங்க. கலர் கலரா. படம் போட்ட மாதிரி."

"என்ன படம்?"

"நீங்க எழுதுனது நடுவுல இருக்கு. அதுல ஒரு சொல்லுக்குக் கீழ நீலக் கோடு. அங்கேருந்து ஒரு கோடு கீழ எறங்கி, திரும்பி, இன்னொரு சொல்லுக்குப் போகுது. அந்தச் சொல்லுக்குக் கீழ செவப்பு. ரெண்டுக்கும் பக்கத்துல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு."

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. ஒரு மதிப்பை ஓரிடத்தில் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்து கீழே மறுபடியும் பயன்படுத்தியிருந்தேன். கைமாறிய இடத்தையும் மறுபடி தொட்ட இடத்தையும் கம்பைலர் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டியிருக்கிறது. கண் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பு அரை மணி நேரம் யோசிக்க வைத்த பிழையை இப்போது ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

"இதுதானா? ஒங்க மெஷின் சும்மா ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போகாம எதுக்கு இவ்வளவு கோடு போடுது?" என்றாள்.

பழைய ஒருவரிச் செய்தியைத் திரும்பப் பெற ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன். முன்பு அதற்கென்று அமைப்புகளில் ஒரு தெரிவு இருந்தது. தேடிப் பார்த்தேன். புதிய வடிவமைப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். நிரலை எழுதப் பயன்படும் எடிட்டர் பிழையின் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னது. எது எதோடு மோதுகிறது என்பது படத்தில்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். கம்பைலர் வரைந்ததை வாங்கி, கோடுகளையும் குறிகளையும் களைந்து, சொற்களை மட்டும் குரலுக்குக் கொடுக்கும் சல்லடை. அதை எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். சில வாரங்கள் வேலை பழையபடி ஓடியது. அதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. படத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கியிருந்தார்கள். கோடுகளின் வளைவு மாறியிருந்தது. குறிப்புகள் வலப்பக்கத்திலிருந்து கீழே இறங்கியிருந்தன. என் சல்லடை பிழைச் செய்தியில் பாதியை விழுங்கியது. திருத்தினேன். அடுத்த பதிப்பு வந்தது. திரும்பவும் திருத்தினேன். மற்றவர்கள் புதுப் பதிப்பு வந்தால் அதில் என்ன புதிது என்று பேசிக்கொள்வார்கள். நான் சல்லடையைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

அந்தக் கம்பைலரை உருவாக்குகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள். குறைகளை எழுதுவதற்குப் பொதுவான ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அதில் எழுதினேன். நான் பார்வையற்றவன், இந்த மொழியில்தான் பிழைக்கிறேன், படமில்லாமல் வெறும் சொற்களில் பிழையைச் சொல்லும் தெரிவைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டேன். கெஞ்சுவதுபோல இருக்கக்கூடாது என்று பலமுறை அடித்து எழுதினேன்.

மறுநாளே பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். இதைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துகிறோம், யாரும் பயன்படுத்துவதாகத் தெரியாததால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம், திரும்பச் சேர்ப்பது பெரிய வேலை, இப்போது ஆள் இல்லை, பட்டியலில் போட்டுவைக்கிறோம். கீழே சிலர் ஆதரவாகக் கட்டைவிரல் குறி போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், எடிட்டரில் பார்த்துக்கொள்ளலாமே, இதற்காகப் பழைய பாரத்தைச் சுமக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

ஆங்கிலத்தில் வந்த அந்தப் பதிலை மனைவியிடம் தமிழில் சொன்னேன்.

"யாரும் பயன்படுத்தலன்னா எழுதியிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப நீங்க யாராம்?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப்போல ஒருவன் இருப்பான் என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நாட்கள் ஒரே மாதிரி கழிந்தன. பகலில் என்னால் முடிந்ததை எழுதுவேன். சிக்கலான பிழை வந்தால் அதை அப்படியே நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடுவேன். மாலையில் அவள் வந்ததும், தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னாலேயே, "வா, பாரு" என்பேன். அவள் கோடுகளின் வழியைச் சொல்வாள். கொஞ்ச காலத்தில் அவளுக்கும் பழகிப்போனது. "இது அந்தக் கைமாத்துன பிழை மாதிரி இல்லங்க, இதுல ரெண்டு நீலக்கோடு" என்று வகை பிரித்துச் சொல்லத் தொடங்கினாள். ஆனால் குழந்தைகளைத் தூக்கித் தூக்கி ஓய்ந்த குரல் அது. சில நாள் சொல்லிக்கொண்டே இருக்கும்போது குரல் நின்றுவிடும். வாங்கில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். நான் எழுப்ப மாட்டேன்.

அவள் சில காலை நேரங்களில் வேலைக்கு லேட்டாகப் போகத் தொடங்கினாள். முதல்நாள் மிச்சமான பிழைகளைச் சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளைக்காம்பரா திறக்காததால் தாய்மார்கள் குழந்தையோடு வாசலில் நிற்க வேண்டிவந்தது. பால் வெட்டுவது விடிந்தும் விடியாமலும் செய்ய வேண்டிய வேலை. வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். பெண்கள் முறைப்பாடு செய்தார்கள். ஆபீசில் கூப்பிட்டுப் பேசினார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பீலிக்கரையில் பேசியது என் காதில் விழுந்தது.

அன்று மாலை கேட்டேன். "ஆபீசுல கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டாங்க. இனிமே நேரத்துக்கு வரணும்னாங்க. அவ்வளவுதான்."

"இனிமே காலையில எனக்காக நிக்காத."

"நான் வேலைய விட்டுர்றேங்க. ஒங்க சம்பளமே போதும். பக்கத்துலயே இருந்து பார்த்துச் சொல்றேன்."

"நீ வேலைய விட்டா இந்தக் காம்பராவுல நம்மள வச்சிருப்பாங்களா? தோட்டத்துல பேரு பதிஞ்ச ஆளு இருக்கிறதாலதானே வீடு."

"வெளிய எடுப்போம். பெல்மதுளையில வாடகைக்குப் பார்ப்போம்."

"எனக்கு வேல நாளைக்கும் இருக்கும்னு யாரு சொன்னா?"

அதைச் சொன்ன பிறகுதான், அந்தப் பயம் எனக்குள் அவ்வளவு நாளாக உட்கார்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. அவள் அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேங்காய் துருவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு கறிக்கு அவ்வளவு தேங்காய் வேண்டாம்.

அணியில் என் வேகம் குறைந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் மட்டும் ஒருநாள் தனியாக அழைத்தார்.

"மல்லி, கொஞ்ச நாளைக்கு நிரல் எழுதுறதை விட்டுட்டு, நாங்க செஞ்சதுக்கெல்லாம் விளக்கக் குறிப்பு எழுதித் தாங்களேன். உங்களுக்கும் லேசா இருக்கும்."

"சரி அய்யே" என்றேன். வேறென்ன சொல்ல? பழைய கம்பைலரிலேயே நான் மட்டும் வேலை செய்ய முடியுமா என்று முன்பே கேட்டுப் பார்த்திருந்தேன். அவரும் முயன்றார். அணியிலுள்ள மற்றவர்கள் மொழியின் புதிய வசதிகளைப் பயன்படுத்தி எழுதத் தொடங்கிவிட்டார்கள். பழைய கம்பைலருக்கு அவர்கள் எழுதுவது புரியவே இல்லை. பின்னால் போக வழியில்லை.

விளக்கக் குறிப்பு எழுதும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. கெட்ட வேலை இல்லை அது. ஆனால் மற்றவர்கள் வீடு கட்டும்போது வாசலில் நின்று அது எப்படிப்பட்ட வீடு என்று வர்ணித்துக்கொண்டிருப்பவன்போல உணர்ந்தேன். அந்தக் குறிப்புகளையும் ஆறேழு மாதத்தில் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதித் தரத் தொடங்கியது. நிரலைக் கொடுத்தால் விளக்கத்தை நொடியில் எழுதிவிடுகிறது. நான் அதைச் சரிபார்ப்பவனாக ஆனேன். சரிபார்க்க அதிகம் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. மழை விட்டு, றப்பர் மரங்களிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே மண்பாதையில் ஒரு கார் உறுமி நின்றது. எங்கள் பாதையில் கார் அபூர்வம். நாய்கள் குரைத்தன. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். "மல்லி" என்ற குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் அதுவரை என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் அவரை நேரில் சந்தித்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான, மெலிந்த கை. குரலை வைத்து நான் பருமனான ஒருவரை நினைத்திருந்தேன்.

"ரத்னபுரவுக்கு ஒரு வேலையா வந்தேன். அப்படியே பார்த்துட்டுப் போகலாம்னு" என்றார். நாங்கள் பேசியது சிங்களத்தில். பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. இரத்தினபுரிக்கு வருகிறவர்கள் அப்படியே எங்கள் தோட்டத்துக்கு ஏறி வர முடியாது.

என் மனைவி வந்து, அவரை முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார வைத்தாள். அவளும் நல்ல சிங்களம் பேசுவாள். "காலைப் பாருங்க, அட்டை ஏறியிருக்கு" என்று சொல்லி, உப்பு எடுத்துவந்து அவரே தூவிக்கொள்ளக் கொடுத்தாள். அவர் பதறியதில் மூவரும் சிரித்தோம். அவிச்ச மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்தாள். பிளேன்டீ கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று கேட்டார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன்: மேசை, கணினி, கூரைக்கு மேலே மூங்கிலில் கட்டிய ரௌட்டரிலிருந்து இறங்கும் வயர். அவர் அங்கேயே நின்றார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் மழைநீர் இறங்கிய கறை இருப்பதாக மனைவி முன்பு சொல்லியிருக்கிறாள். அதையாக இருக்கலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்து, வானிலையைப் பற்றிப் பேசினார். களு கங்கையில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றார். தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். கோப்பையை எடுத்தார், வைத்தார். அதில் தேத்தண்ணி தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

"அய்யே, வேல இந்த மாசத்தோடயா?" என்று நானே கேட்டேன்.

"அடுத்த மாசக் கடைசிவரைக்கும் இருக்கு மல்லி. அதுக்கு மேல என்னால முடியல. பேசிப் பார்த்தேன். உங்களை மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு பேர்."

"பரவாயில்ல அய்யே."

"ஃபோன்ல சொல்ல மனசு வரல."

"தெரியுது. இவ்வளவு தூரம் வந்தீங்களே."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வளையல் சத்தம் அங்கேயிருந்து வந்தது. "இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டுமா?" என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டாள். அவள் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

போகும்போது என் தோளைப் பிடித்து, "அந்தக் கம்பைலர்காரங்க நீங்க கேட்டதைச் செஞ்சா எனக்குச் சொல்லுங்க" என்றார். கார் வளைவுகளில் இறங்கி, சத்தம் மறையும்வரை படியிலேயே நின்றேன்.

அதன் பிறகு பல இடங்களுக்கு எழுதினேன். தொலைபேசியில் பேசியவர்களில் சிலர், கண் தெரியாது என்று சொன்னதும் மிகவும் அன்பாகிவிடுவார்கள். அந்த அன்பு வந்துவிட்டால் வேலை கிடைக்காது என்று பழகிக்கொண்டேன். கடைசியில் பெல்மதுளைப் பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் இடம் கிடைத்தது. முதலாளி எங்கள் தமிழ் ஆள்தான். கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பது, ஆர்டர்களைக் கேட்டுக் கணினியில் பதிவது என் வேலை. தமிழிலும் சிங்களத்திலும் பேசுவேன் என்பதும், சாமான்களின் பெயர் மறக்காது என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலையில் மனைவி ரோட்டுவரை வந்து ஏற்றிவிட்டு, நேரத்துக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவாள்.

கடையில் எப்போதும் இரும்பும் பெயின்ட்டும் மணக்கும். தகரம் எத்தனை அடி, ஆணி எத்தனை அங்குலம், சீமெந்து எத்தனை மூட்டை. கேட்டவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பதிவேன். பிழை வந்தால் கடைப் பையன்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் மதியம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போது, நான் எழுதிப் பாதியில் நின்ற ஏதோ ஒரு நிரல் மனதுக்குள் ஓடும். இந்த இடத்தில் இப்படி மாற்றியிருக்கலாம் என்று தோன்றும். அதை யாரிடமும் சொல்ல முடியாது. முதலாளிக்கு அது புரியாது. புரிந்தவர்களுக்கு நான் இப்போது யாருமில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோன் ஒரு மின்னஞ்சலை வாசித்தது. கம்பைலரின் புதிய பதிப்பு வெளியாகியிருக்கிறது. வழக்கம்போல நீளமான குறிப்பு. வேகம் கூடியிருக்கிறது, நினைவகம் குறைவாகப் போதும், சோதனைக் கருவி மாறியிருக்கிறது. கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். கீழே, கிட்டத்தட்ட முடிவில், ஒரு வாக்கியம்: பிழைகளைப் படமில்லாமல் வெறும் சொற்களில் தரும் தெரிவு சேர்க்கப்பட்டுள்ளது, இதைக் கேட்டு எழுதிய பயனருக்கு நன்றி. நான் அந்தப் பக்கத்தில் வைத்திருந்த புனைபெயர் அதில் இருந்தது. ஃபோனைத் திரும்ப வாசிக்க வைத்தேன். பக்கத்தில் பைப் வெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியதால் கடைசி வார்த்தைகள் கேட்கவில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கடை பூட்டு. அன்று பழைய கணினியை எடுத்துத் துடைத்து, புதிய கம்பைலரை இறக்கினேன். வேண்டுமென்றே ஒரு மதிப்பைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி தொடும் சின்ன நிரலை எழுதி ஓட்டினேன். குரல் சொன்னது: இந்த வரியில் கைமாறிய மதிப்பு இந்த வரியில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கிறது. தெளிவான ஒரு வாக்கியம். நன்றாக யோசித்துச் செய்திருந்தார்கள். பழையதைவிடவும் நன்றாகவே இருந்தது.

"சரியாச் சொல்லுதா?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"ரொம்பச் சரியாச் சொல்லுது."

"அப்ப ஒங்க பழைய கம்பெனிக்காரங்ககிட்ட பேசிப் பாருங்களேன்."

அணித் தலைவரை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சி. செய்தியைச் சொன்னேன். "அனே, நல்லது மல்லி, ரொம்ப நல்லது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தானும் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை என்றார். அணியைக் கலைத்துவிட்டார்கள். நிரலில் பெரும்பங்கை இப்போது இயந்திரம் எழுதுகிறது. பார்த்துக்கொள்ள ஓரிருவர் போதும். அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். மகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாகப் படிக்கிறாள் என்றார். என் மனைவியைக் கேட்டார். மரவள்ளிக்கிழங்கைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு அழைப்பை முடித்தோம்.

சில வாரம் கழித்து அந்தப் பொதுப் பக்கத்தில் என் கோரிக்கைக்குக் கீழே புதிதாக ஒரு பதில் வந்திருந்தது. எந்த நாடு என்று தெரியாத ஒரு பெண். அவளுக்கும் கண் தெரியாது. நிரல் எழுதப் படித்துக்கொண்டிருந்தாளாம், படங்கள் வந்த பிறகு விட்டுவிட்டாளாம், இந்தத் தெரிவு வந்ததால் மறுபடி தொடங்கி, இப்போது முதல் வேலை கிடைத்திருக்கிறதாம். நன்றி என்று எழுதியிருந்தாள்.

அதைக் கேட்டதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால், அந்த இடத்தில் நான் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. கணினியை மூடி வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்து, வாழ்த்துச் சொல்லி எழுதினேன். எந்த மாதிரி வேலை, என்ன எழுதுகிறாய் என்றும் கேட்டேன். அவளுடைய பதில் இன்னும் வரவில்லை. புது வேலை, நேரம் இருக்காது.